நல்ல ரத்தத்துக்கு ஒரு டின் பால்பவுடர்

டாக்டர் துரைக்கண்ணு அமெரிக்காவிலிருந்து திரும்பி ஆறேழு வருடம் ஆகியும் விமானத்தைவிட்டு முழுதாக இறங்கிய பாடில்லை. ஜவ்வாது மலையில் ஜீப்பைவிட்டு இறங்கும்போதும் கோட்டைக் கழற்றமாட்டார்.

போன வருடம் நடந்த முதல் முகாமில் மைக் சூடாகும்வரை பேசினார். அமெரிக்காவில் யூதர்கள் என்றொரு ஜனம். அவர்களில் சில குடும்பங்களில் ஒரு பரம்பரை நோய் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கொண்டுபோய்விடும். அதனால் அவர்கள் தங்கள் தொழுகைக்கூடத்திலேயே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். தாய் தகப்பன் இருவர் ரத்தத்திலும் குறை மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்துகொண்டார்கள்.

“அவங்களும் மாமன் மவளத்தான் கட்டுவாங்களா?” என்று கேட்டார் ஊர்ப் பெரியவர் மாதையன்.

“பெரும்பாலும் சொந்த ஜனத்துக்குள்ளதான்.”

“அப்ப நம்ம பங்காளிங்கதான். இந்தப் பக்கம் வந்தா சாப்பாடு போட்டு அனுப்புங்க.”

கூட்டம் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டு வந்த பேச்சில் அந்த இடத்தில் சிரிப்பு இல்லை.

இந்த மலையில் அவர் தேடி வந்தது வேறு நோய். ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்துபோய், பிள்ளை சோகை பிடித்து, கைகால் வீங்கி, வலியில் துடிக்கும். நீலாவதியின் முதல் பிள்ளை அப்படித்தான் போனது. “இன்னொண்ணு பெத்துக்கலாமாங்க?” என்பதுதான் அவள் கேள்வி. அந்த முகாமிலேயே ரத்தம் கொடுத்தாள். அவள் புருஷன் கோபால் பேரிலும் ரத்தம் போனது. நீலாவதிக்குக் குறை உண்டு, கோபாலுக்கு இல்லை, தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது.

“மொதப் புள்ளைக்குக் கையெல்லாம் வீங்குச்சேங்க?” என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாள்.

“அது வேற காய்ச்சலா இருக்கும். விஞ்ஞானம் பொய் சொல்லாதும்மா.”

இப்போது அவளுக்கு ஏழு மாதம். இரண்டாவது முகாமில் அவளை மேடையில் உட்காரவைத்து, மாலை போட்டு, ஒரு டின் பால்பவுடரும் பரிசாகக் கொடுத்தார்கள். “என் ஆலோசனையின் முதல் கனி!” என்றார் டாக்டர். கனி குனிந்த தலை நிமிரவில்லை. கோபாலையும் மேலே ஏற்றினார்கள்.

“சொல்லுங்க கோபால், ரத்தம் எடுத்தப்ப வலிச்சுதா? பயப்படாம எல்லாருக்கும் சொல்லுங்க.”

“எனக்கு இன்னாங்க தெரியும்? நான் அன்னிக்குப் புளி ஏத்திக்கினு ஒடுகத்தூர் சந்தைக்குப் போய்ட்டேன். தம்பிதான் குடுத்தான்.”

மைக் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து அர்ச்சுனன் எழுந்தான். “ஆமாங்க, நான்தான். கோபாலுன்னு கூப்ட்டாங்க, கைய நீட்னேன்.”

அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பஞ்சாயத்தில், காட்டு வேலையில், திருவிழா முறையில் அண்ணன் இல்லாவிட்டால் தம்பி நிற்பான். அந்த மலையில் அதற்குப் பெயர் மரியாதை.

“ரத்தம் ஆளுக்கு ஆள் மாறும்யா!” என்றார் டாக்டர்.

“ஒரே தாய் வயித்துப் புள்ளைங்கதானேங்க. அதுல இன்னா மாறப்போவுது?” என்றான் அர்ச்சுனன்.

மேடைக்குப் பின்னால் கோபாலின் விரலில் ஊசி குத்தினார்கள். மருந்துத் தண்ணீர் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு. குழாய்க்குப் பின்னால் அச்செழுத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெரிந்தால் நல்ல ரத்தம், கலங்கி மறைத்தால் குறை. கைக்கு அகப்பட்டது முகாம் நோட்டீஸ். டாக்டரின் பெயரும் பட்டங்களும் கொட்டை எழுத்தில் இருந்தன. அவர் குழாயை வெளிச்சத்தில் சாய்த்தார். குலுக்கிப் பார்த்தார். பெயர் தெரியவில்லை. பட்டங்களும் தெரியவில்லை.

“ரெண்டு பேருக்கும் இருக்கு” என்றார். மைக் இல்லாதபோது அவர் குரல் இவ்வளவு சின்னது என்பது அன்றுதான் தெரிந்தது. “பிள்ளைக்கு நோய் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. வராமயும் போகலாம்.”

நீலாவதி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். “வந்துருக்கா இல்லையான்னு இப்பவே பாக்க முடியாதுங்களா?”

“அமெரிக்காவில...” என்று தொடங்கி நிறுத்தினார். “இங்க முடியாதும்மா. பிறந்த பிறகு பார்க்கலாம்.”

“பாத்து?”

கோட்டுப் பையில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை.

“வலி வந்தா மாத்திரை இருக்கு. நிறையத் தண்ணி குடிக்கணும். காய்ச்சல் வந்தா உடனே போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க.”

“மொதப் புள்ளையப் போளூருக்குத்தான் தூக்கினு போனோங்க.”

டாக்டர் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். மேடையில் யாரோ நன்றியுரை படித்தார்கள். கைதட்டினார்கள். ஜீப் கிளம்பியது.

நீலாவதி, கோபால், அர்ச்சுனன் மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பரிசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பால்பவுடர் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு அர்ச்சுனன் பின்தங்கி வந்தான்.

“அண்ணி, நான் வேணும்னா இப்ப மறுபடியும்...” என்றான். எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நிறுத்தினான்.

நீலாவதி திரும்பவில்லை. “பாத்து வா. கீழ போட்டுறாத” என்றாள்.