கேட் ஓரத்து இரும்புப் பெட்டி

எங்கள் கம்பெனியில் செல்போன் பேட்டரிகளுக்கு ஏசி உண்டு. கேன்டீனுக்கு இல்லை, எங்களுக்கும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தார் உருகும் மே மாதத்திலும் பேட்டரி ஸ்டோர் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது. மணிக்கு ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. சூடு பட்டால் பேட்டரி உள்ளுக்குள் சீக்கிரம் கெட்டு, வாயு சேர்ந்து உப்பிவிடும். முழு சார்ஜில் இருந்தால் இன்னும் மோசம். சேர்ந்த முதல் வாரமே இதைப் பாடமாக நடத்தினார்கள்.

எங்கள் சொந்த போன்களை மட்டும் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். அங்கே மொட்டை வெயிலில் ஓர் இரும்புப் பெட்டி. எட்டு மணி நேரம் அதற்குள் வெந்து, கையைச் சுடும் சூட்டோடு போன்கள் வெளியே வரும். பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும்.

என்னோடு வேனில் வரும் ஏஞ்சலின் பேக்கிங்கில் கான்ட்ராக்ட். இரண்டு வருஷமாக ஒரு ஆப்சென்ட் கிடையாது. அந்த மாதத்தையும் அப்படியே முடித்துவிட்டால் பெர்மனென்ட். வருகைப் பதிவு அவரவர் போனில். வரும்போது போனைப் பெட்டியில் வைக்கும் முன்பும், போகும்போது எடுத்த பின்பும், கேட்டுக்கு உள்ளே நின்று ஆப்பில் முகத்தைக் காட்ட வேண்டும். போன் அணைந்துபோனால் ஆளே வரவில்லை என்றுதான் அர்த்தம்.

அவள் போன் படுத்த ஆரம்பித்தது.

"நைட்டு ஃபுல்லா சார்ஜ் போட்டுக்கினுதான்டி வரேன். முப்பது பர்சென்ட்லயே ஆஃப் ஆயிடுது."

"அதத்தான் பண்ணாத. எம்பதுல புடுங்கிடு. கவர கழட்டி, ஆஃப் பண்ணி பெட்டில வை."

எல்லாம் செய்தாள். பெட்டிக்கு முன்னால் ஒன்றும் எடுபடவில்லை. ஒரு நாள் பேட்டரி உப்பி, போனின் முதுகு பிளந்துகொண்டு எழுந்து நின்றது. முகம் காட்டும் அளவுக்கு மட்டும் போனில் உயிர் இருந்தது. பேட்டரி வர ஒரு வாரம் ஆகும் என்று பஜார் கடையில் சொன்னார்கள். வேறு போனில் அந்த ஆப் திறக்காது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் வெப்பமானியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தேன். ஐம்பத்து மூன்று. அதையும் ஏஞ்சலின் போன் உப்பியதையும் எழுதி ஹெச்.ஆர். தேசப்பனிடம் கொடுத்தேன்.

"டேஞ்சராச்சேம்மா இது! நாளைக்கே ஆக்‌ஷன் எடுத்துடலாம்" என்றார்.

நம்பினேன். பெட்டியை நிழலுக்கு நகர்த்துவார்கள் என்று வேனில் சொன்னேன். ஏஞ்சலின் இறங்கும்வரை என் கையை விடவில்லை.

மறுநாள் காலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உப்பிய பேட்டரி உள்ள போன்கள், தீ அபாயம் கருதி, வளாகத்துக்குள் அனுமதிக்கப்படாது. பெட்டி அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு மணல் வாளி.

செக்யூரிட்டி ஏஞ்சலினை நிறுத்தினார். "போன் உள்ள போவாது. போன் இல்லன்னா பஞ்ச் இல்ல, பஞ்ச் இல்லன்னா ஆப்சென்ட். நான் இன்னாம்மா பண்றது?"

அந்த நேரம் பார்த்து தேசப்பனின் கார் வந்தது. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ எழுதிக் குடுத்ததாலதாம்மா எங்களுக்கே தெரிஞ்சிது. தேங்க்ஸ்."

இப்போது பெட்டி மட்டும் அருவருப்பாக இல்லை. அந்தச் சிரிப்பு, அந்த வாளி, என் கையெழுத்தில் போன அந்தக் காகிதம், எல்லாமே.

ஏஞ்சலின் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீ போடி. லேட்டானா உனுக்கும் ஆப்சென்ட்டு போட்டுடுவானுங்கோ."

போய்விட்டேன். கேட்டுக்கு உள்ளே நின்று போனில் முகத்தைக் காட்டினேன். காறித் துப்ப வேண்டும் போலிருந்த அந்த முகத்தை அது உடனே ஏற்றுக்கொண்டது.