ராசியான ஹார்ட் டிஸ்க் கேஸ்

ராசியை நம்பிக் கெட்டவன் நான். சங்கரன்கோவிலில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். தொழில் தொடங்கியபோது வாங்கிய, டிஸ்க்கை உள்ளே மாட்டிக் கம்ப்யூட்டரில் செருகும் ஹார்ட் டிஸ்க் கேஸுக்கு ஆயுத பூஜைதோறும் சந்தனம் குங்குமம் வைப்பேன். அதில் போட்டு வைத்த டிஸ்க் எதுவும் கெட்டதில்லை. அதனால் கம்ப்யூட்டருக்குள் இருந்த, எடுத்த வீடியோ எல்லாம் ஏற்றிய நான்கு டி.பி. (டெராபைட்) புது டிஸ்க்கையும் அன்று காலை நல்ல நேரம் பார்த்துக் கழற்றி, அந்தக் கேஸில் மாட்டினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு மீனலோசினி தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா தில்லைநாயகம், தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தை மாதம் மகள் கல்யாணத்தில் மண்டபம் அதிரச் சத்தம் போட்டவர். சித்திரையில் தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த வீடியோ பூரா சினிமாப் பாட்டுதான் ஓடுது. அப்பா பேசுதது ஒண்ணுகூட இல்ல. எடிட் பண்ணாதது இருக்கும்லா? வீட்டுல அப்பா குரல் வேற எதுலயும் இல்ல."

"இருக்கும்மா" என்று பெருமையாகச் சொல்லி, கேஸின் கேபிளைச் செருகினேன்.

டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும், அதாவது எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்றது திரை. பிடுங்கி மறுபடி செருகினேன். அதையே கேட்டது. நான்கு டி.பி. டிஸ்க்கின் அளவு ஒன்று புள்ளி ஆறு என்று காட்டியது. ஒரு மனிதரின் குரல்மேல் பாட்டைப் போட்டு மூடியவன், இப்போது மிச்சத்தையும் தொலைத்துவிட்டேனா? தில்லைநாயகம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியாது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

வாசலுக்குப் போய், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பாதுஷாவைப் போனில் பிடித்து நடந்ததைச் சொன்னேன்.

"ஃபார்மேட் குடுத்துட்டீரா?"

"இல்லவே. அப்படியே வச்சிருக்கேன்."

"ஒண்ணையும் அமுக்காதேயும். அந்தப் பழைய கேஸ் ரெண்டு டி.பி.க்கு மேல தாங்காதுவே. டிஸ்க்க கழத்தி, கம்ப்யூட்டர்ல முன்ன இருந்த மாதிரியே மாட்டும்."

"உள்ள உள்ளது இருக்குமா?"

"இருக்கணும். மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

ஸ்க்ரூ இரண்டு தடவை கை நழுவி விழுந்தது. "என்ன அண்ணாச்சி, போயிட்டா?" என்றாள் மீனலோசினி. குனிந்து ஸ்க்ரூவைத் தேடி எடுத்து முடுக்கினேன். கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

கல்யாண ஃபோல்டர் இருந்தது. பந்தி வீடியோவைத் திறந்தேன்.

"ஏலே, மூணாவது வரிசைக்கு ரசம் வரல. என்னலே செய்தீய அங்கன?"

மீனலோசினி அழுதாள். தில்லைநாயகத்தின் உதடுகள் அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்தன, சத்தமில்லாமல். பிறகு என் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றி வையுங்கள். என் குரல் ரெண்டாவது தடவையும் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்."