உப்பு மட்டும் பார்த்தவள்

மோப்பக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது கணவன்தான். கல்யாணமான புதிதில், தெருமுனையில் நின்றுகொண்டே எந்த வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். இவள் போலீஸில் சேர்ந்திருந்தால் நாய்க்கு வேலை போயிருக்கும் என்று அவன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் வீட்டில் செய்யும் சமோசாவைத் தினமும் வாங்கிக்கொண்ட ஆலை கேன்டீன்காரர்கூட மோப்பக்காரி சமோசா என்றுதான் அதை விற்றார்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, சீரகம், பினாயில் எதற்கும் வாசனை இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தான். புருஷன் விட்டுவிட்டுப் போன நாத்தனாரும் வந்து சேர்ந்திருந்தாள். மூன்று வயிறும் அந்தச் சமோசாவை நம்பித்தான் இருந்தன. மூக்கு செத்தவள் செய்ததை யார் வாங்குவார்கள்?

ஒரு வழி கண்டுபிடித்தாள். மாவை மடிக்க உட்காரும் முன் மசாலாவில் ஒரு சிட்டிகை எடுத்து நாத்தனாரிடம் நீட்டி உப்புப் பார்க்கச் சொல்வாள். நாத்தனார் எதையும் முகராமல் வாயில் போடமாட்டாள். குறையைக் கண்டால் வாய் சும்மாவும் இருக்காது. சீரகம் தீய்ந்துவிட்டது, எண்ணெய் சிக்கு அடிக்கிறது, இஞ்சி பத்தாது என்று தானாகவே கொட்டிவிடுவாள். அப்படியே நான்கு மாதம் ஓடியது.

ஒருநாள் சாயங்காலம், மறுநாளைக்கென்று உருளைக்கிழங்கை மசித்து, பட்டாணி சேர்த்துக் கிளறி இறக்கிய நேரத்தில் பேச்சு தடித்தது. துணிக்கடையில் வேலைக்கு வரச் சொல்கிறார்கள் என்றாள் நாத்தனார். அப்படியானால் சமோசாவை யார் மடிப்பது என்றாள் மோப்பக்காரி. வார்த்தை வளர்ந்துகொண்டே போய், புருஷனையே பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவள் வேலையைப் பிடித்து வைக்கப்போகிறாளா என்று கேட்டுவிட்டாள். நாத்தனார் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இவள் அதே கோபத்தில் ஆவி பறக்கும் மசாலாவைத் தட்டால் மூடினாள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும் என்பது மறந்தே போயிற்று. அன்றைக்கென்று ஒரே புழுக்கம்.

காலையில் மைதாவில் எண்ணெய் விட்டு, பிடித்தால் பிடியில் நிற்கும் பதத்துக்குப் பிசறி, இறுக்கமாகப் பிசைந்தாள். சிட்டிகை மசாலாவை நீட்டினாள்.

"உப்பு பாரு."

நாத்தனார் முகர்ந்தாள். அண்ணியின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நாக்கு நுனியில் தொட்டு, தொட்டியில் துப்பிவிட்டு வந்தாள்.

"உப்பு சரியா இருக்கு."

அதற்குமேல் ஒரு சொல் இல்லை. கோபம் இன்னும் தணியவில்லை என்று மோப்பக்காரி நினைத்தாள். தானும் வாயில் போட்டுப் பார்த்தாள். லேசாகப் புளித்தது. எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாகப் பிழிந்துவிட்டோம் போல என்று எண்ணிக்கொண்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல் கூம்பு மடித்து, மசாலா அடைத்து, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டினார்கள். மசாலாவில் கால்வாசி மிஞ்சியது. சின்னத் தீயில் பொன்னிறமாக வெந்து வந்தவை பார்க்க அத்தனை அழகு.

மறுநாள் காலை கேன்டீன்காரர் வந்தார். கணவனின் கட்டில் ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு வாந்தி. மற்றவர்கள் தேறிவிட்டார்கள், சர்க்கரை நோய் உள்ள ஆலை வாட்ச்மேன் மட்டும் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. எண்ணெயில் பொரித்தால் கிருமி சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது என்று டாக்டர் சொன்னாராம். மிச்சம் இருந்தால் பார்க்கவேண்டும் என்றார்.

மோப்பக்காரி பாத்திரத்தைக் கொண்டுவந்து தட்டைத் தூக்கினாள். கேன்டீன்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மட்டும் பாத்திரத்தின் மேல் குனிந்தபடி நின்றாள். அவர்களைப் பார்த்த பிறகுதான் முந்தானையை எடுத்து மூக்கை மூடினாள். வாசலில் நின்ற நாத்தனாரின் கண் அந்த முந்தானையிலேயே நின்றது.

"நீதானே உப்பு பாத்த? உனக்குத் தெரியலையா?" என்று கணவன் தங்கையைக் கேட்டான்.

"தெரிஞ்சுதுண்ணே. அண்ணிக்குத் தெரியாத வாசனையா? தெரிஞ்சேதான் அனுப்புறாங்கன்னு நெனச்சேன். என்னைக் கேட்டது உப்பு மட்டும்தான்."

மூன்று பேரும் மோப்பக்காரியைப் பார்த்தார்கள். மூக்கு போனது தெரிந்தால் அடுப்பும் போகும், திரும்பி வராது. தெரிந்து செய்த தப்பு என்றால் திட்டுவார்கள், கொஞ்ச நாள் ஒதுக்குவார்கள், பிறகு ஒருநாள் மறந்துவிடுவார்கள். அவ்வளவுதான் அவளால் அந்த நேரத்தில் யோசிக்க முடிந்தது.

"தெரிஞ்சுது," என்றாள். "எண்ணெயில போட்டா சரியாயிடும்னு அனுப்பிட்டேன்."

கேன்டீன்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லுவீங்கன்னுதாம்மா வந்தேன். முதலாளிகிட்ட அப்படித்தான் எழுதிக் குடுக்கறதா இருந்தேன். இனி போலீஸ் கேட்டா நான் என்ன சொல்றது?"

பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

நாத்தனார் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். பின்னாலேயே வந்தவளிடம் மெல்லக் கேட்டாள்.

"எப்போலேருந்து அண்ணி?"

"காய்ச்சல்லேருந்து."

"அய்யோ. இன்னும் தெரு தாண்டியிருக்க மாட்டார். ஓடிப்போய்ச் சொல்லிட்டு வரேன்."

மோப்பக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாத்தனார் ஒரு தடவை உதறிப் பார்த்தாள். பிடி விடவில்லை. ஜன்னலுக்குக் கீழே அவருடைய ஸ்கூட்டர் கிளம்பி, திரும்பி, மறைந்தது.

உள்ளிருந்து கணவன் தங்கையைக் கூப்பிட்டான். குடிக்கத் தண்ணீர் வேண்டுமாம். அண்ணி தொடவேண்டாம், நீயே மொண்டு எடுத்துட்டு வா என்றான்.

மோப்பக்காரி கையை விட்டாள்.