முருங்கையில் ஏறிய கம்பளிப்பூச்சி

மழை பிடித்த வாரத்திலேயே முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறிவிட்டது. தாராவியில் தோல் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் மரம் என்று நின்றது அது ஒன்றுதான். ரஷீதா தன் வீட்டு வாசலில் குச்சியாக ஊன்றி வளர்த்தது. மாசக் கடைசியில் அவள் அடுப்பில் ஆணம், குழம்பு என்று கொதிப்பது அந்தக் கீரைதான். அவள் புருஷன் உதுமான் பட்டறையில் தோல் சுரண்டுகிறவன். மழைக்காலத்தில் பாதி நாள் வேலை இருக்காது.

பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகம் தன் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் கை முழுக்கத் தடிப்பு.

"இதைப் பாரும் பாய். ராத்திரி பூரா சொறிஞ்சு சொறிஞ்சு அழுதிருக்கா. பூச்சி என் கூரை மேல பொத்து பொத்துன்னு விழுது. ஞாயித்துக்கிழமை கோடாலிக்காரனைக் கூட்டியாரேன். அடியோட வெட்டிருவோம்."

உதுமான் பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ரஷீதாதான் முன்னால் வந்தாள்.

"ஞாயிறு வரைக்கும் விடுங்க அண்ணாச்சி. பூச்சியை நான் ஒழிக்கேன்."

"நீ ஒழிச்சிட்டா நான் எதுக்கும்மா வெட்டுதேன்?"

அன்று மாலை உதுமான் பட்டறைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஒரு வாளி நிறையக் கரைசல் கொண்டுவந்தான்.

"இது மாட்டுத் தோல்லயே மயிரை நிக்க விடாது. இந்தப் பூச்சி எம்மாத்திரம்? மயிரு உதிர்ந்துட்டா அப்புறம் எப்படி அரிக்கும்?"

ரஷீதா வேண்டாம் என்று சொல்வதற்குள் கொப்புகள் மேல் வீசி அடித்துவிட்டான்.

காலையில் கீழ்க்கொப்புகளின் இலையெல்லாம் கருகித் தொங்கியது. கம்பளிப்பூச்சிகள் மயிர் கலையாமல் பிரம்மநாயகத்தின் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்தன.

"பூச்சிக்குப் பதிலா மரத்துக்குல்ல மொட்டை போட்டிருக்கீரு!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்தார் பிரம்மநாயகம்.

உதுமான் உள்ளே போய்ச் சுருண்டு படுத்தான். "வெட்டிட்டுப் போறாங்க, விடு. வேலையும் செஞ்சுட்டு வந்து பூச்சி கூட மல்லுக்கட்ட முடியாது."

ரஷீதா வெளியே வந்தாள். கருகின இலைகளைப் பறித்துப் போட்டுவிட்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெயில் ஏறியபோதுதான் கவனித்தாள். மேலே ஒரு பூச்சிகூட இல்லை. எல்லாம் அடிமரத்துக்கு இறங்கி, நிழல் பக்கமாக ஒன்றோடொன்று ஒட்டி, கம்பளி விரித்த மாதிரி அசையாமல் கிடந்தன.

"மச்சான், எந்திரிங்க. ராத்திரி மேல ஏறித் தின்னுட்டுப் பகல்ல இங்க வந்து தூங்குதுங்க."

உதுமான் எட்டிப் பார்த்தான். "பந்தம் கொளுத்திப் பொசுக்கிருவமா?"

"சுத்தி சாக்கும் தார்ப்பாயும். சந்து முழுசையும் கொளுத்தப் போறீங்களா? உங்க கத்தியை எடுங்க. தோலைச் சுரண்டுற மாதிரி சுரண்டுங்க."

இரண்டு பக்கமும் பிடி வைத்த அந்த மழுங்கல் கத்தியை அவன் எடுத்தான். ரஷீதா அவன் கைகளில் சாக்கைச் சுற்றி, மூக்கில் துணி கட்டிவிட்டாள். தகர டின்னில் சோப்புத் தண்ணீரோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து அடியில் பிடித்தாள். பட்டையில் காயம் படாமல் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தோலுக்குப் பழகிய கை தப்பவில்லை. கொத்துக் கொத்தாக டின்னில் விழுந்தன. தெறித்த மயிர் அவள் கழுத்தில் பட்டுத் தடித்தது. டின்னைக் கீழே வைக்கவில்லை.

சனிக்கிழமை வரை தினமும் இதே வேலை. உதுமான் பட்டறைக்குப் போன நாளில் அவளே கத்தியைப் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரம்மநாயகம் கோடாலிக்காரனோடு வந்தார். அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அண்ணாந்து தன் கூரைக்கு மேல் நீண்ட கொப்பைக் காட்டினார். அதன் கவட்டில் ஒரு சின்னக் கொத்து.

"அது என்னது?"

"அங்க எட்டலை அண்ணாச்சி" என்றாள் ரஷீதா. அந்தக் கொப்பில்தான் கீரை அதிகம். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "உங்க கூரை மேல நீட்டுற கொப்பை வெட்டிக்கிடுங்க. அடிமரத்தைத் தொடக் கூடாது."

"மறுபடி வந்தா?"

"வரும். வந்தா சுரண்டுவேன். மழை விடுற வரைக்கும் சுரண்டுவேன். ஒண்ணு உங்க வீட்டுப் பக்கம் வந்தாலும் என்னைக் கூப்பிடுங்க, வந்து எடுக்கேன்."

பிரம்மநாயகம் அவள் கழுத்துத் தடிப்பைப் பார்த்தார். பிறகு கோடாலிக்காரனிடம் திரும்பி, "கொப்பு மட்டும் போதும்பா" என்றார்.

கொப்பு முறிந்து விழுந்ததும் ரஷீதா முதலில் கவட்டிலிருந்த பூச்சிகளைத் தேடி எடுத்தாள். அப்புறம்தான் கீரையை உருவ உட்கார்ந்தாள்.