மாடி அறைப் பூட்டு

மாப்பிள்ளை பாலகணேஷ் சிரிக்கவே இல்லை. ஈஸ்வரிக்கு அதுதான் முதல் சந்தேகம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் அவள் ஒரு பழைய இங்கிலாந்து நாவலைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தாள். பெரிய மாளிகை, சிரிக்காத எஜமான், மாடியில் பூட்டிய அறை, உள்ளே முனகல். இருநூற்றுப் பதினான்கு பக்கம் தாண்டியும் பூட்டு திறந்தபாடில்லை.

இன்று அடம்பிடித்து அத்தையோடு ராஜபாளையத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால், இங்கேயும் மாடி. மாடியில் ஓர் அறை. அறைக்குப் பூட்டு.

"மேல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாருமில்லம்மா" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா சுந்தரம்மாள், அவசரமாக. அதே நேரம் மேலே எதுவோ முனகியது.

கூடத்தில் இலை போட்டாயிற்று. பெண் வீட்டார் கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அப்புறம் பேச்சை மாற்ற முடியாது.

"ஏட்டி, உக்காரு" என்று இடித்தாள் அத்தை பரிபூரணம்.

"மாடியப் பாக்காம உக்கார மாட்டேன் அத்தை. கதையில வர்றவன் மாதிரியே இவரும் சிரிக்கல. உள்ள மொதப் பொண்டாட்டி இருந்தா?"

"இருந்தா பக்கத்து மம்சாபுரத்துல குடியிருக்க எனக்குத் தெரியாமப் போயிருமாக்கும். புத்தகம் படிக்காதன்னா கேக்கியா?"

கிசுகிசுப்பு மாப்பிள்ளை காதில் விழுந்துவிட்டது. சாவியை எடுத்தான்.

"வாங்க. வாசப்படியோட நின்னுக்கிடுங்க. உள்ள இருக்கவளுக்குப் புது ஆளுகளப் பிடிக்காது."

ஈஸ்வரி அவன் பின்னாலேயே படியேறினாள். கதவு திறந்தது. வெள்ளைவெளேரென்று ஒரு வேட்டை நாய் எழுந்து உறுமியது. அதன் வயிற்றடியில் ஆறு குட்டிகள். ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை.

"குட்டி போட்டு எட்டு நாளாச்சு. கண்ணு தெறக்குற வரைக்கும் வெளியாளுக்குக் காட்ட மாட்டோம். திருஷ்டி பட்டுரும்னு அம்மாவுக்குப் பயம். எட்டு நாளா நான்தான் காவல். தூக்கமில்லாம மூஞ்சி இப்பிடி ஆயிருச்சு" என்றான். "கதையில மாடியில யாரு இருந்தா?"

"இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரல."

"முடிச்சதும் எனக்குக் குடுங்க. சிரிக்காம நிக்க எனக்கே தெரியும். மிச்சத்தப் படிச்சுக் கத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்துவிட்டான். நாய் குரைத்தது.

கீழே பரிபூரணம் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னட்டி?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் ஈஸ்வரி பக்கத்து இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிவிட்டாள்.