கடைசி ஆள் வரும் வரை

எங்கள் ஊர் சைக்கிள் கிளப்புக்கு விதி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கோர்வோ கணவாயின் உச்சியில், கடைசி ஆள் வந்து இனெஸ் கடை வாசலில் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் தொடும் வரை யாரும் இறங்கக் கூடாது. மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மலை முழுக்க ஒருவன் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஒளிந்து வந்துவிட்டு, கடைசி வளைவில் அவனையே முந்திவிட்டுப் பல்லைக் காட்டலாம். அதற்கெல்லாம் கேலியோடு சரி. காத்திருக்காமல் இறங்கியவனை மட்டும் கிளப்பை விட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

நான் சைக்கிள் ஏறுகிறவள் இல்லை. ஏறுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வீட்டில் ஆண்வாடை இருக்காது என்று பழகிப்போனவள். ஆனாலும் என் புருஷன் லோரிஸ் சாப்பாட்டு மேஜையில் கரண்டியையும் உப்புக்குடுவையையும் வைத்துக் காட்டிக் காட்டியே அந்தச் சாலைகள் எனக்கு மனப்பாடம். ஊரிலிருந்து லுமீனா ஆற்றை ஒட்டியே போனால் மர மில் பாலம் வரும். பாலத்தைத் தாண்டினால் கணவாய்க்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். தாண்டாமல் நேரே போனால் ஆற்று ரோடு. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, கீழே தண்ணீர் இரைய, மேடு இல்லாமல் போகும். இரண்டு சாலைகளும் மலைக்கு அந்தப்புறம் புனித ரோக்கு கோயிலடியில் ஒன்று சேர்ந்து ஊருக்குத் திரும்பும்.

ஏற முடியாதவன் ஆற்று ரோட்டில் போகலாம், தப்பில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் தெரியும். "பொண்டாட்டி கிண்டின களி ஆறிப்போயிடும்னு ஓடிட்டான்" என்று அடுத்த ஞாயிறு வரை சிரிப்பார்கள். அதனால் அப்படிப் போகிறவன் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டான். பாலத்தருகே மெல்லப் பின்தங்கி, பூனை மாதிரி நழுவிவிடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறும்போது சட்டை பிழிந்தால் ஊற்றும். இறங்கும்போது அந்த ஈரத்தில் காற்று அடித்தால் நெஞ்சு உறைந்துவிடும். அதற்காக உச்சியில் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வார்கள். இனெஸ் தன் கடையில் சேர்ந்த பழைய தாள்களை ஓர் ஆப்பிள் பெட்டியில் போட்டு, மேலே கல் வைத்து, வாசலில் வைத்திருப்பாள். செப்டம்பரோடு கடையைச் சாத்திவிட்டு மகள் வீட்டுக்குப் போனாலும் பெட்டி அங்கேயே இருக்கும். ஒவ்வொரு தாளிலும் குறுக்கெழுத்துப் போட்டியை ஊதாப் பென்சிலால் நிரப்பியிருப்பாள். பாதிக்கு மேல் தப்பு. அதைப் படித்துச் சிரிப்பதும் உச்சியில் ஒரு சடங்கு.

என் தம்பி தர்ச்சீசியோ தாள் வைத்துக்கொள்ள மாட்டான். "நான் என்ன கெழவனா?" என்பான். ஒரு தடவை அப்படி இறங்கி, நிமோனியா வந்து, பிழைத்ததே பெரிய பாடு. அதற்கப்புறம் லோரிஸ் பெட்டியிலிருந்து இரண்டு தாள் எடுப்பார். ஒன்று தனக்கு. இன்னொன்றை அவன் சட்டைக் கழுத்து வழியாகத் திணிப்பார். அவன் திட்டுவான், இவர் திணிப்பார். வருஷக்கணக்காக இதே கூத்துதான்.

அக்டோபரின் கடைசி ஞாயிறு கிளப்புக்குப் பருவத்தின் கடைசி நாள். அன்றைக்கு உச்சியை முதலில் தொடுபவனுக்கு ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு, உப்பிட்டுப் புகைபோட்டு ஒரு வருஷம் தொங்கியது. என் தம்பி எத்தனையோ வருஷமாக இரண்டாவதாக வந்து அதை முகர்ந்து பார்த்ததோடு சரி. லோரிஸுக்கு அந்த வசந்தத்தில்தான் முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. டாக்டர் போகலாம் என்றார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

கிளம்புகிற நேரத்தில் தம்பியைத் தனியே இழுத்தேன்.

"டேய், அவரை விட்டுட்டுப் போயிடாதடா. முட்டி இன்னும் முழுசா சரியாகல. கேட்டா, ஆயிடுச்சும்பாரு."

"பக்கத்துலயே இருக்கேன்க்கா. தொடை போனாப் போகுது."

"அம்மா மேல சத்தியமா?"

"செத்தவளை ஏன் இழுக்கற? உன் மேல சத்தியம், போதுமா?"

லோரிஸ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்ன, அக்காவும் தம்பியும் சேர்ந்து எனக்குத் தொட்டில் கட்டறீங்களா?"

"தொட்டில் தாங்காது மச்சான். உங்க எடைக்குக் கிரேன்தான் கொண்டாரணும்" என்றான் தம்பி. இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மதியம் சதுக்கத்துக் காபிக்கடையில் பெண்கள் எல்லாரும் காத்திருந்தோம். கூட்டமாக வந்து இறங்கினார்கள். என் தம்பியின் தோளில் பன்றித்தொடை. முகமெல்லாம் சிவந்து, மாப்பிள்ளை மாதிரி இருந்தான். நான் பின்னால் பார்த்தேன். இன்னும் பின்னால் பார்த்தேன்.

"அவர் எங்கடா?"

"இன்னும் வரலையா? ஆத்து ரோட்டுல போயிட்டாரேக்கா. எங்களுக்கு முன்னாடியே வந்திருப்பாருன்னு நெனச்சேன்."

"நீ பாத்தியா?"

"கண்ணால பாத்தேன். பாலத்துக்கிட்ட திரும்பிக் கைகூட காட்டினாரு."

வீட்டுக்கு ஓடினேன். இல்லை. போன் போட்டால் மணி அடிக்கவில்லை. அந்த மலைப்பக்கம் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. கிளப் தலைவர் செவெரீனோ, பெரிய மனுஷர், சாப்பிட உட்கார்ந்தவர்களை எழுப்பிக் காரில் ஏற்றினார். தீயணைப்புப் படையும் வந்தது. அந்த வாரம் பெய்த மழையில் லுமீனா கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆற்று ரோட்டில் இடுப்பளவுத் தடுப்புச்சுவர் பல இடத்தில் இடிந்து கிடக்கும். எல்லாருக்கும் ஒரே நினைப்புதான், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கயிறு கட்டித் தண்ணீரில் ஆள் இறக்கினார்கள்.

செவெரீனோ மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். "தர்ச்சீசியோ, கணவாய்ப் பக்கமும் ஒரு வண்டி அனுப்பலாமா? நல்லா நெனச்சுப் பாருப்பா."

"அங்க எதுக்கு ஆளை வீணாக்கறீங்க? நான்தான் பாத்தேன்ங்கறேனே!"

அவன் கத்தின கத்தலில் அழுகை இருந்தது. மச்சான் மேல் எவ்வளவு பாசம் பார் என்று நான்கூட நினைத்து, அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இருட்டியதும் தேடுவதை நிறுத்தினார்கள். மறுநாள் காலை வேட்டைக்குப் போனவர்களின் நாய் அவரைக் கண்டுபிடித்தது. ஆற்றில் இல்லை. கணவாயின் அந்தப்புறச் சரிவில், வளைவுக்குக் கீழே, புதருக்குள். காலும் இடுப்பும் உடைந்திருந்தன. உயிர் போயிருந்தது, ஆனால் உடம்புச் சூடு இன்னும் முழுசாக அடங்கவில்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். ராத்திரி முழுக்க அவர் உயிரோடு அங்கே கிடந்திருக்கிறார். நாங்கள் மலைக்கு இந்தப்புறம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆற்று ரோட்டில் போனவர் கணவாய்ச் சரிவுக்கு எப்படி வந்தார்? அதற்கும் என் தம்பியிடம் பதில் இருந்தது. ஆற்று ரோட்டில் போனவர் மனசு கேட்காமல், கோயிலடியிலிருந்து எதிர்ப்பக்கமாக மலையேறி கிளப் ஆட்களைச் சந்திக்க வந்திருக்கிறார்; வழியில் விழுந்துவிட்டார்; அவர்கள் தெரியாமல் அவரைத் தாண்டி இறங்கிவிட்டார்கள். ஊரே உச்சுக்கொட்டியது. பாதிரியார் அதையே பிரசங்கத்தில் வைத்தார். நண்பர்களைச் சந்திக்க மலையேறிய மனிதன் என்றார். நானும் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். விதி என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அடக்கம் முடிந்து வந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பிய பை வீட்டில் இருந்தது. பக்கத்துவீட்டுக்காரி வாங்கி வைத்திருந்தாள். கிளப்பில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் பையைப் பிரித்தேன். காலணி, கையுறை, கத்தரித்து எடுத்த சட்டை. சட்டையோடு சேர்ந்து ஒரு செய்தித்தாள், ரத்தமும் தண்ணீரும் ஊறி, நெஞ்சின் வளைவு அப்படியே பதிந்து காய்ந்திருந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அதைப் பிரித்தால் கிழிந்துவிடுமே என்று மெல்ல நீவினேன். உள்பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி இருந்தது. ஊதாப் பென்சில்.

மலை ஏறுகிறவன் நெஞ்சில் தாள் வைத்துக்கொள்ள மாட்டான். வெந்து செத்துவிடுவான். அது உச்சியிலிருந்து இறங்குகிறவன் வைத்துக்கொள்வது. அதுவும் இனெஸின் பெட்டியிலிருந்து எடுத்தது. அந்தப் பெட்டி உச்சியைத் தவிர வேறு எங்கும் இல்லை. என் புருஷன் ஆற்று ரோட்டில் போகவே இல்லை. ஆறாத முட்டியோடு பாலத்தைத் தாண்டி, மலை முழுக்கத் தனியாக ஏறி, குழாயைத் தொட்டிருக்கிறார். அங்கே அவருக்காக ஒரு நாய்கூடக் காத்திருக்கவில்லை.

சட்டையை உதறினேன். அதன் முதுகுப்பக்கப் பாக்கெட்டில் இன்னும் ஏதோ தடிப்பாக இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் அழுகை வரவில்லை.

கிளப் அறையில் நீள மேஜை போட்டிருந்தார்கள். களி, பாலாடைக்கட்டி, ஒயின். நடுவில் அந்தப் பன்றித்தொடை. "மச்சான் பேரைச் சொல்லி எல்லாரும் சாப்பிடணும்" என்று என் தம்பி கையாலேயே அறுத்துக்கொண்டிருந்தான். மெல்லிசாக, அழகாக அறுத்தான். நான் அவன் எதிரில் போய் உட்கார்ந்து, ரத்தம் காய்ந்த தாளைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது யாரோட பென்சில்டா?"

அவன் பார்த்தான். கத்தி நின்றது. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த ஊதா தெரியும். செவெரீனோ தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"அக்கா, பாலம் தாண்டி நாலஞ்சு வளைவு வரைக்கும் கூடத்தான் இருந்தேன். அவர்தான், போடா, போய்த் தொடையைத் தூக்கிட்டு வான்னாரு..."

"அப்படியா சொன்னாரு?"

அவன் வாய் கோணிக்கொண்டது. "சொல்லல. நானாத்தான் போனேன்."

"அப்புறம்?"

"மேல போனதும் எல்லாரும் என்னைத் தூக்கிட்டாங்க. மச்சான் எங்கன்னு கேட்டாங்க. விட்டுட்டு வந்துட்டேன்னு எப்படிக்கா சொல்றது? ஆத்து ரோட்டுல போனாரு, பாத்தேன்னு வாயில வந்துடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. குளிருச்சு. இறங்கிட்டோம்."

"சரி. அது காலையில. சாயங்காலம் ஆத்துல கயிறு கட்டி ஆளை இறக்கினாங்களே, அப்ப?"

"அப்ப எனக்கே நிஜமாத் தோணிடுச்சுக்கா. அவர் கைகாட்டினது கண்ணுக்குள்ளயே தெரிஞ்சுது. சத்தியமா."

இப்போதும் சத்தியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அதை மறைத்த இடத்தையும் மறந்துபோனானாம். அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். கையில் இன்னொன்று இருந்தது.

அதுவும் செய்தித்தாள்தான். ரத்தம் படவில்லை. விரிக்காமல், சட்டைக் கழுத்து வழியாகத் திணிக்கத் தோதாக, மூன்றாக மடித்தது. உச்சிக்கு வந்து, குழாயடியில் யாருமே இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகும், கல்லைத் தூக்கி இரண்டாவது தாளை எடுத்திருக்கிறார். தாள் இல்லாமல் இறங்கியிருப்பான், கோயிலடியில் பிடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அவசரமாக இறங்கியிருப்பார்.

அதை என் தம்பி கையில் வைத்தேன். அவன் வாங்கும்போதே தெரிந்துகொண்டான்.

"உன்னோடதுடா. சட்டைக்குள்ள வெச்சுக்கோ, வெளிய குளிருது" என்றேன்.

அவன் வீடு எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி இருக்கிறது. அதற்கப்புறம் நான் அவனோடு பேசவில்லை.