எட்டுச் சொட்டு

“ஆறு, ஏழு…”

“அண்ணி, நாற்காலி எத்தனை சொல்லட்டும்?”

“எட்டு” என்றாள்.

கொழுந்தன் ஃபோனில் எட்டு நாற்காலிக்குச் சொல்லிவிட்டான். கண்ணாடிக் குழாயில் விழுந்த மருந்து ஏழு சொட்டா எட்டா என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை. குழாயைக் கொட்டிக் கழுவிவிட்டு, மீன்தொட்டியிலிருந்து மறுபடியும் தண்ணீர் எடுத்தாள்.

காலையில் மாரடைப்பில் போன கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மணிக்குக் கொண்டுவருவார்கள். அதற்குள் செய்ய ஆயிரம் வேலை கிடக்க, இவள் தொட்டி முன்னால் உட்கார்ந்து தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு டீச்சர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், மூளை குழம்பிவிட்டது என்று போய்விட்டாள். குழம்பித்தான் போயிருந்தது. ஆனால் இன்று ஞாயிறு, தண்ணீர் பார்க்கும் நாள். யார் செத்தார்கள் என்று மீன்களுக்குத் தெரியுமா? அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நான்கும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

அவர் சாவி போடுகிறவர். பூட்டைத் தொட்டாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். பச்சையும் மஞ்சளும் மட்டும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். “சாவிக்கு எதுக்குடி கலரு?” என்று சிரிப்பார். மீன் வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது. மருந்து விட்ட தண்ணீர் மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சையானால் அம்மோனியா, மீனுக்கு விஷம். அதனால் குழாயைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பார்.

“என்ன கலர்னு பாரு.”

“மஞ்சள்.”

போய் நோட்டில் எழுதிக்கொள்வார். இரண்டு வருடமாக நோட்டு முழுக்க மஞ்சள்தான். நடுவில் இரண்டு மீன் செத்து மிதந்தபோது, “தண்ணி நல்லாத்தானேடி இருந்துச்சு?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் அவள் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னாள். அப்புறம் அப்படித் திரும்புவதை எப்போது விட்டாள் என்று ஞாபகமில்லை.

எட்டு. இரண்டாவது மருந்திலும் எட்டு. மூடிக் குலுக்கினாள். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இன்று காலையும் அவர் அதே வாசலில் வந்து நின்றார், குழாய் இல்லாமல்.

“என் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கா பாரேன்.”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

பால் பொங்குகிற நேரம். திரும்பினாளா? திரும்பினதாகத்தான் நினைவு. நினைவில் அவர் சட்டை தெரிகிறது, முகம் தெரியவில்லை. அந்தச் சட்டையும் நேற்றுப் போட்டிருந்ததோ என்னவோ. டாக்டர், “ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா” என்று ஆரம்பித்து, அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சை போலிருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மஞ்சள் போலவும் இருந்தது. தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

“தம்பி, இது என்ன கலர்னு சொல்லுங்க.”

கொழுந்தன் யாருக்கோ வீட்டு விலாசம் தட்டிக்கொண்டிருந்தான்.

“மஞ்சள்தான் அண்ணி” என்றான், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் நகரவில்லை. குழாயைப் பிடித்த கை அவன் மூக்குக்கு நேரே அப்படியே இருந்தது.

“நிமிர்ந்து பாத்துச் சொல்லுங்க, தம்பி.”

அவன் நிமிர்ந்தான். முதலில் அவளைப் பார்த்தான், பிறகு குழாயை.

“பச்சை, அண்ணி. நல்ல பச்சை.”

அவள் தலையாட்டினாள். நோட்டை எடுத்து, வரிசையாக நின்ற மஞ்சள்களுக்குக் கீழே ‘பச்சை’ என்று எழுதினாள். பழைய தண்ணீரை மொண்டு கொட்ட வாளி வேண்டும். எடுக்கப் போனவளுக்கு அடுப்படி வாசலில், அவர் வந்து நிற்கும் இடத்தில், கால் நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தால், அடுப்பு முன்னால் நிற்கிற ஆளின் முதுகுதான் தெரியும்.